குடிக்கிற மாதிரியே தெரியல

"ஏய், இதுல ஒயின் ஊத்தியிருக்கிற மாதிரியே தெரியலடி!" எங்க பெரியம்மா பொண்ணு ரெண்டாவது டம்ளரை நீட்டிக்கிட்டே இப்படிச் சொன்னப்ப எனக்குத் தலைகால் புரியல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மே மாசக் கடைசி, ஏற்காட்டுல குடும்பமா பதினாலு பேர் கூடியிருந்தோம். நான் முதல் தடவையா ஒயிட் ஒயின் பஞ்ச், அதாவது ஒயின்ல பழம், சாறு, பாகு எல்லாம் கலந்த ஒரு பானம், பண்ணியிருந்தேன். ரசம் வச்சா உப்பு பத்தலன்னு சொல்ற கூட்டம் அது. அவங்க வாயால இப்படி ஒரு வார்த்தை கிடைச்சா சும்மாவா? அன்னைக்கு மட்டும் அதையே ஒரு நாலஞ்சு பேர் சொல்லியிருப்பாங்க. அந்த வார்த்தைதான் இப்ப வரைக்கும் செருப்புக்குள்ள போன கல்லு மாதிரி உறுத்துது.

மே மாசத்துல சேலத்துல இருக்கிறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஃபேன் போட்டா அனல் காத்துதான் வரும், ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை சுடும். அதனால அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ், குகைன்னு ஆளுக்கொரு பக்கம் இருக்கிற எங்க குடும்பம் வருஷத்துல ஒரு தடவை ரெண்டு நாளைக்கு மலை ஏறிடும். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவுல யாராவது ஒரு குழந்தை வாந்தி எடுக்கும், பதினைஞ்சாவது வளைவுல ஏசியை நிறுத்திட்டு கண்ணாடியை இறக்கி விடுவோம். மேல போயிட்டா சில்வர் ஓக் மரம், அதுல ஏறின மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடி, நாலு மணிக்கு மேல ஒரு தூறல். இதுவரைக்கும் எல்லாம் நல்லாதான் இருக்கும்.

இருட்டினதும் வீடு ரெண்டா பிரிஞ்சுடும். ஆம்பளைங்க மாடிக்குப் போயிடுவாங்க. பாட்டில் எப்ப வந்துச்சு, யார் கொண்டு வந்தான்னு யாரும் கேக்க மாட்டோம். பொம்பளைங்க கீழ சமையக்கட்டுல முட்டைப் பொடிமாஸ், சிக்கன் வறுவல், வேர்க்கடலை மசாலான்னு மாடிக்கு சப்ளை பண்ணிக்கிட்டே இருப்போம். "இன்னும் கொஞ்சம் வெங்காயம் வெட்டி அனுப்புங்க"ன்னு மேல இருந்து குரல் வரும். எனக்கு இது வருஷா வருஷம் பத்திக்கிட்டு வரும். குடிக்கிறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல, இப்படிப் பிரிஞ்சு உக்கார்றதுதான் பிடிக்காது. பெங்களூர்ல வேலை பாத்தப்ப ஆபீஸ் தோழி வீட்டு மொட்டை மாடியில ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய ஒயிட் ஒயின் பஞ்ச் வச்சிருந்தா. பழம் மிதக்குது, யாருக்கு வேணுமோ கரண்டியால மொண்டுக்கிறாங்க, அவளும் எல்லார் கூடவும் உக்காந்து பேசிட்டிருந்தா. யாரும் யாருக்கும் வெங்காயம் வெட்டல. இதை நம்ம வீட்டுல பண்ணணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பஞ்சாமிர்தத்துக்குத் தூரத்துச் சொந்தம்

பஞ்ச்ங்கிற பேரே நம்ம பஞ்ச, அதாவது அஞ்சுல இருந்து வந்ததுன்னு பரவலா சொல்றாங்க. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணி, மசாலா, ஆக அஞ்சு. 17ஆம் நூற்றாண்டுல கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுங்க இங்க இருந்து கொண்டு போன பழக்கமாம். எல்லாரும் இந்தக் கதையை ஒத்துக்கிறதில்ல, ஆனா நான் பெரியம்மாவை சரிக்கட்ட இதைத்தான் சொன்னேன், "பஞ்சாமிர்தத்துக்குத் தூரத்துச் சொந்தம் பெரியம்மா". "பழனியாண்டவர் கண்ணைக் குத்துவார்"னாங்க. அப்புறம் அவங்கதான் முதல் டம்ளர் வாங்கினாங்க.

ஒயின் வாங்குறது ஒரு தனிக் கூத்து. நம்ம ஊர்ல ஒயின் ஷாப்னு சொல்ற இடத்துல பிராந்தி கிடைக்கும், பீர் கிடைக்கும், ஒயினைக் கேட்டாதான் ஒரு மாதிரி பாப்பாங்க. என் வீட்டுக்காரர் டாஸ்மாக் எலைட் கடையில போய் நாசிக் பக்கத்து செனின் பிளாங்க் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்தார். திருகு மூடி, அதனால கார்க் பிடுங்குற வேலையில்ல. செனின் கொஞ்சம் இனிப்பு வாடை உள்ளது, பழக்கமில்லாதவங்களுக்கு ஈஸியா இறங்கும்னு நினைச்சுதான் அதைக் கேட்டேன். சாவின்யோன் பிளாங்க்னா புளிப்பு தூக்கலா, பச்சைப் புல் வாசமா இருக்கும். யோசிச்சுப் பாத்தா தப்போட முதல் படி அதுதான். ஈஸியா இறங்கணும்னு நினைச்சேன் பாருங்க.

பாத்திரத்துக்குக் கவலைப்படல. சேலம் உருக்காலை ஊர்க்காரங்க வீட்டுல எவர்சில்வர் அண்டாவுக்கா பஞ்சம்? (பித்தளை அண்டா வேண்டாம்ங்க, ஒயினோட புளிப்புக்கு களிம்பு ஏறிடும்.) பழம்தான் கௌரவப் பிரச்சினை. சேலத்துக்காரி பஞ்ச் பண்ணா மல்கோவா இல்லாம எப்படி? செவ்வாய்பேட்டையில ஒவ்வொண்ணும் அரைக் கிலோவுக்கு மேல நிக்கிற மாதிரி மூணு மல்கோவா பொறுக்கிட்டு வந்தேன். கூட அன்னாசி, பச்சைத் திராட்சை, எலுமிச்சை. மதியமே பழத்தை நறுக்கி, ஒயினை ஊத்தி, சர்க்கரைப் பாகு கலந்து மூடி வச்சாச்சு. சாயங்காலம் திறந்து பாத்தா மல்கோவா ஓரமெல்லாம் கரைஞ்சு, அண்டா பூரா கலங்கி, மாம்பழக் கூழ்ல தண்ணி விட்ட மாதிரி ஒரு மஞ்சள். நாரே இல்லாத பழம், வாயில வச்சா கரையும், அதுதான் அதோட பெருமை. ஒயின்ல நாலு மணி நேரம் கிடந்தா அங்கயும் கரையத்தானே செய்யும். பாக்க அசல் மாம்பழ ஜூஸ்.

இதுக்கு நடுவுல பெரியப்பா பையன், எங்க அண்ணன், அண்டாவை எட்டிப் பாத்துட்டு "என்ன பாப்பா இது, ஸ்கூல் பங்ஷனுக்கா?"ன்னு சிரிச்சார். நான் ஐஸ் எடுக்க உள்ள போன நேரத்துல ஒரு குவார்ட்டர் பிராந்தியை அப்படியே கவுத்துட்டார். எனக்கு வந்த கோபத்துல அகப்பையால அடிச்சிருப்பேன். பிராந்தி வாடையை அமுக்க இன்னும் பாகு, இன்னும் அன்னாசிச் சாறு, மேல சோடா, நிறைய ஐஸ். ருசி பாத்தேன். பிராந்தியும் தெரியல, ஒயினும் தெரியல. அப்பாடான்னு இருந்துச்சு.

அண்டாவைக் கூடத்துல நடு மேசையில வச்சேன். பக்கத்துல கீழ இருந்து பார்சல் கட்டி வந்த தட்டுவடை செட். நிஜமாவே அன்னைக்கு மாடி காலியாச்சு. ஆம்பளைங்க கீழ இறங்கி வந்தாங்க. அத்தை அரை டம்ளர் வாங்கிட்டு தலையை ஆட்டி ஆட்டிக் குடிச்சாங்க. சித்தி கல்யாணத்துக்கு முன்னாடி கதையெல்லாம் எடுத்து விட்டாங்க. இதைத்தானே நினைச்சோம்னு நான் சுவத்துல சாஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன்.

சின்ன மாமா

சின்ன மாமா, எங்க அம்மாவோட கடைசித் தம்பி, அப்ப குடியை விட்டு ஏழு வருஷம். குடிச்ச காலத்துக் கதையெல்லாம் இங்க வேண்டாம், குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுறதில்ல. ஏற்காட்டுக்கு வருஷா வருஷம் வருவார். சாயங்காலம் மத்தவங்க மாடி ஏறினா இவர் மட்டும் சமையக்கட்டு வாசல்ல ஒரு மனையைப் போட்டு உக்காந்து பூண்டு உரிச்சுக் கொடுப்பார். நாங்க அதை ஒரு தமாஷா எடுத்துக்கிட்டோம், "மாமா எங்க செட்டு"ன்னு. அவர் ஏன் எங்க செட்டுல இருந்தார்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல.

அன்னைக்கு வாசல் திண்ணையில உக்காந்து மழை பாத்துக்கிட்டிருந்தார். என் பொண்ணு, அப்ப ஒம்பது வயசு, ஒரு டம்ளர் மொண்டுட்டுப் போய் "சின்னத் தாத்தா, ஜூஸ்"னு நீட்டிடுச்சு. அவளைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு, எல்லாரும் ஜூஸ் ஜூஸ்னுதான் சொல்லிட்டிருந்தோம். அவளே அதுல ரெண்டு வாய் குடிச்சிருக்கலாம், அந்த நினைப்பு வேற அப்புறமா வந்து ராத்திரி தூங்க விடல. நான் ஜன்னல் வழியா பாக்கிறேன். மாமா டம்ளரை வாங்கினார். சிரிச்சார். வாய்க்கிட்ட கொண்டு போனார், மூக்குக்கு நேரா வந்ததும் கை நின்னுச்சு. நாம ஒரு வாடையைக் கண்டுபிடிக்க ஒரு செகண்டு போதும். மாமா அதுக்கு மேலயும் அப்படியே வச்சிருந்தார். ஒரு அஞ்சு செகண்டு இருக்கும். கண்ணை மூடியிருந்தார். டம்ளர் ஓரத்துல ஒரு மாம்பழத் துண்டு வழுக்கி வந்து அவர் மேல் உதட்டைத் தொடுற மாதிரி நின்னுச்சு. அப்புறம் மெதுவா, பால் டம்ளரை இறக்குற மாதிரி, சிந்தாம திண்ணையில வச்சார். என்னைப் பாத்துட்டார்.

"கண்ணு, இதுல ஏதாச்சும் ஊத்தியிருக்கீங்களா?"

"ஐயோ மாமா... ஒயின் மாமா. நான் சொல்லியிருக்கணும்."

"பரவால்ல. பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத, பயந்துக்கும். டீ இருந்தா ஒரு டீ போடேன்."

டீ போட்டுக் கொடுத்தேன். குடிச்சுட்டு, தலை வலிக்குதுன்னு சொல்லிட்டு ஏழரை மணிக்கெல்லாம் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். பூண்டு உரிக்கிற மனை சமையக்கட்டு வாசல்லயே கிடந்துச்சு. கூடத்துல "தெரியவே இல்லையே"ன்னு யாரோ மறுபடியும் சொல்லிட்டிருந்தாங்க.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன். மாமா சிரிச்சார். "நீ எதுக்கு அழற? உங்க அண்ணன் ஊத்தினான் பாரு பிராந்தி, அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. அந்த வாசம் எனக்கு எந்த மாம்பழத்துக்குள்ள போட்டு மூடினாலும் தெரியும். நீ பண்ண மாதிரி ஒயின் மட்டும்னா தெரிஞ்சிருக்காது கண்ணு, குடிச்சிருப்பேன்." கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவரே சொன்னார், "மாடிக்குப் போகாம இருந்தா போதும்னு ஒரு கணக்கு வச்சிருந்தேன், அவ்ளோதான்."

அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. கூடத்தையும் மாடியையும் ஒண்ணாக்கணும்னு நான் குதிச்சுக்கிட்டிருந்தேன். மாடிக்குப் போகாம இருந்தா போதும்னு இருந்த மனுஷனுக்கு மாடியையே இறக்கிக் கீழ வச்சுட்டேன். அதுவும் மாம்பழச் சாயம் பூசி. இதுக்காக, பழையபடி ஆம்பளைங்க மேல, பொம்பளைங்க கீழன்னு போயிடலாமான்னா அதுக்கும் மனசு வரல. அந்தப் பிரிவுல நான் வெங்காயம்தானே வெட்டிட்டிருந்தேன். இது ரெண்டுக்கும் நடுவுலதான் ரெண்டு வருஷமா சுத்திக்கிட்டிருக்கேன்.

ஜூஸுன்னு சொன்னதோட கணக்கு

ஒரு நாள் உக்காந்து பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒயின் 750 மில்லி பாட்டில் ரெண்டு, 12 சதவீதம் ஆல்கஹால். அதாவது சுத்த ஆல்கஹால் 180 மில்லி. சாறு, பாகு எல்லாம் சேர்த்து 300, சோடா 600. மொத்தம் 2400 மில்லியில 180, அப்ப ஏழரை சதவீதம். சாதா பீர் அஞ்சு சதவீதம்தான். இதுல அண்ணன் ஊத்தின குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதுல ஒரு 77 மில்லி. கூட்டிப் பாத்தா பத்து சதவீதம் வந்துடுது. 200 மில்லி டம்ளர் ஒண்ணு குடிச்சா, ஒன்றரை ஸ்மால் பெக் (ஒரு ஸ்மால்னா 30 மில்லி) பிராந்தி உள்ள போன கணக்கு. அத்தை தலையை ஆட்டினது ருசியில இல்ல.

பழத்துல என்ன இருக்கப் போகுதுன்னு குழந்தைங்களுக்கு அடியில கிடக்கிற துண்டை ஸ்பூன்ல எடுத்துக் கொடுக்கிறவங்களைப் பாத்திருக்கேன். அடுப்புல வச்சுக் கொதிக்க விட்டா ஆல்கஹால் கொஞ்சம் போகும். இங்க எல்லாமே குளிர்ச்சியா மூடி வச்சு ஊற வைக்கிறது, போறதுக்கு வழி எங்க இருக்கு? பழம் ஒயினைக் குடிச்சுக்கிட்டு, தன் சாறை ஒயினுக்கு விட்டுக் கொடுக்கும். பண்டமாற்று. குளிர்ச்சி இன்னொரு திருட்டு வேலை பண்ணும், நாக்கை மரத்துப் போக வச்சு வாசத்தையும் காரத்தையும் அமுக்கிடும். இனிப்பு பாக்கியை மறைச்சுடும். ஆக, பஞ்ச் நல்லா வந்திருக்குன்னு நாம சொல்றப்ப பாதி நேரம் நல்லா மறைச்சிருக்குன்னுதான் அர்த்தம்.

மறைக்கிறது எங்க ஊருக்குப் புதுசும் இல்ல. ராஜாஜி பிரீமியரா இருந்தப்ப, 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்துலயே முதல்ல மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்துலதான். கள்ளு வருமானம் போச்சேன்னு அதை ஈடுகட்ட 1939ல விற்பனை வரி கொண்டு வந்தாங்க. எங்க தாத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், ஒருத்தன் கள்ளை விட்டதுக்கு ஊரே வரி கட்டுச்சுன்னு. மதுவிலக்கு போய், வந்து, மறுபடி போய், இப்ப கவர்மெண்டே கடை வச்சிருக்கு. ஆனா வீட்டுக்குள்ள மட்டும் இன்னும் 1937தான். பாட்டில் கறுப்புக் கவர்ல வரும், மாடிக்குப் போகும், காலியாகி விடிகாலையில குப்பைக்குப் போகும். நான் அதை மாத்துறேன்னு கிளம்பி, கறுப்புக் கவருக்குப் பதிலா மல்கோவாவைப் போத்தி விட்டிருக்கேன், வேற என்ன?

இப்ப பண்ற பஞ்ச்

போன வருஷம் பண்ணவே இல்ல. இந்த மே மாசம் பண்ணேன், ஆனா தலைகீழா. ஒயின்னு பாத்ததும் தெரியணும், மோந்ததும் தெரியணும், அதுதான் கண்டிஷன். சாவின்யோன் பிளாங்க் வாங்கினோம். மல்கோவாவைத் தனியா நறுக்கித் தட்டுல வச்சு, அதோட பாட்டுக்குச் சாப்பிட விட்டுட்டேன், அந்தப் பழத்துக்கு அதுதான் மரியாதை. ஜாடிக்குள்ள போனது கிளிமூக்கு மாங்கா, பாதிப் பழுப்பு. யாரும் கௌரவமா நினைக்காத மாங்கா, ஊறுகாய்க்கும் உப்பு மிளகாத்தூளுக்கும்தான் ஆகும்னு ஒதுக்கி வச்சிருப்போம். மூணு மணி நேரம் ஒயின்ல கிடந்தும் கத்தி வச்ச விளிம்பு அப்படியே நின்னுச்சு. புளிப்பு ஒயினோட சேந்துக்கிச்சு, கலங்கவும் இல்ல. எலுமிச்சைத் தோலை மேலாக்க சீவிப் போட்டேன், உள்ள இருக்கிற வெள்ளை வந்துட்டா கசக்கும். பாகு ரெண்டே ஸ்பூன். பச்சைத் திராட்சையை முந்தின நாளே ஃப்ரீசர்ல வச்சுக் கல்லாக்கி ஐஸுக்குப் பதிலா போட்டேன், கரைஞ்சு தண்ணியாகாது. சோடா பரிமாறும்போது மட்டும், ஜாடியில ஊத்தி வச்சா அரை மணியில சப்புன்னு ஆயிடும். ஏற்காட்டு வீட்டு ஃப்ரிட்ஜ் குட்டி, அதனால பாட்டிலை பக்கெட்ல ஐஸ், தண்ணி, ஒரு கை கல்லுப்பு போட்டு முக்கி வச்சேன், இருபது நிமிஷத்துல ஜில்லுன்னு ஆயிடுச்சு. உப்பு ஒயினுக்குள்ள போகாதான்னு சித்தி கேட்டாங்க. அண்ணன் ஜவ்வரிசி போடு, சேலம் ஸ்பெஷல்னு ஆரம்பிச்சார், அவரை ஜாடிப் பக்கமே விடல.

முக்கியமா, ஒயின் கண்ணாடி ஜாடியில, உயரமான அலமாரி மேல, குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல. கீழ மேசையில எவர்சில்வர் அண்டா, அதுல ஒயின் இல்லாதது. அதுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன்னு சொல்லணும். குடிக்காதவங்களுக்கு கலர் சோடா பாட்டிலை நீட்டி ஓரமா உக்கார வைக்கிறதுங்கிறது எவ்ளோ பெரிய அவமானம்னு நமக்கு உறைக்கிறதே இல்ல. நன்னாரி, எலுமிச்சை, எலுமிச்சைப்புல்லைக் கொதிக்க வச்சு ஆறின தண்ணி, நாலு மிளகு தட்டிப் போட்டது, கடைசியில இளசா நுங்கு. நுங்கு நேரம் ஆனா புளிச்சுடும், அதனால ஊத்துறப்பதான். ரெண்டுலயும் ஒரே பழம் கிடக்கக் கூடாதுன்னு இதுல மாங்கா போடல. அன்னைக்கு ராத்திரி யாரும் மலை இறங்குறதில்லன்னு சொல்லி கார் சாவியெல்லாம் வாங்கி பெரியம்மா சுருக்குப் பையில போட்டாச்சு, அந்தப் பையில இருந்து எமனாலயும் எதையும் எடுக்க முடியாது.

பெரியம்மா பொண்ணு ஜாடியில இருந்து ஒரு வாய் குடிச்சுட்டு முகத்தைச் சுளிச்சா. "போன தடவை மாதிரி இல்லடி, ஒயின் மாதிரி இருக்கு." ஒயின்தாண்டின்னேன். அவ ஒரு டம்ளரோட நிறுத்திட்டா. அத்தை மோந்து பாத்துட்டு நுங்குப் பக்கம் போயிட்டாங்க. ஜாடியில பாதிக்கு மேல மிச்சம்.

சின்ன மாமா வந்திருந்தார். வர மாட்டார்னுதான் நினைச்சேன். அவருக்காகத்தான் அந்த அண்டான்னு எனக்குள்ள ஒரு நினைப்பு, முதல் டம்ளர் நுங்கு போட்டு எடுத்துட்டுப் போனேன். வாங்கி என் பொண்ணுகிட்ட கொடுத்துட்டார். "எனக்கு இதெல்லாம் வேண்டாம் கண்ணு. கையில டம்ளர் வச்சுக்கிட்டு கூட்டத்துல நிக்கிறதே எனக்கு ஆகாது. டீ போடு." எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. டீ போட்டேன். சமையக்கட்டு வாசல்ல மனையைப் போட்டு உக்காந்து குடிச்சார்.

ஜாடி மேல 'ஒயின்'னு ஸ்கெட்ச் பேனாவால எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். ஜாடி வேர்த்து வேர்த்து, எட்டு மணிக்கு அது நனைஞ்சு கழண்டு கீழ விழுந்துடுச்சு. நான் கவனிக்கல, தட்டுவடைக்குக் காரச் சட்னி பத்தலன்னு உள்ள போயிட்டேன். திரும்பி வர்றப்ப மாமா அலமாரிக்கிட்ட நிக்கிறார், ஜாடியைக் கையில இறக்கி வச்சிருக்கார். ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. தோள் துண்டால ஜாடியைத் துடைச்சார். அத்தை மல்லிப்பூ கட்டி மிச்சம் வச்சிருந்த நூலை எடுத்து, சீட்டைச் சுத்தி ரெண்டு கட்டு கட்டி, எழுத்து கூடத்துப் பக்கம் பாக்கிற மாதிரி திருப்பி மேல வச்சுட்டு, "பேனா எழுத்து கரையுது, நாளைக்கு வேற எழுதிக் கட்டு"ன்னு சொல்லிட்டு மனைக்குப் போயிட்டார்.